வெள்ளவத்தையிலிருந்து ஏ1: ஸ்பொன்சர் விசாவுக்கு டொச் படிக்கப் போகிறவர்களுக்கு

கலியாணம் பதிந்தாயிற்று, அவர் லீவு முடிந்து ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டார், இனி நீங்கள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஏ1 என்ற ஆரம்பநிலைப் பரீட்சை எடுத்தால்தான் விசா. இந்த நிலையில் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அதே அறையில் இருந்தவள்தான். எனக்கு மொழியை விட அதைச் சுற்றியிருந்த ஓட்டந்தான் கூடக் கஷ்டம் தந்தது. யாரிடம் கேட்டாலும் அவரவர் மச்சாளுக்கு நடந்ததைத்தான் சொன்னார்கள். வேலையின் ஒழுங்கை யாரும் சொல்லவில்லை.

ஏ1 என்பது டொச் மொழி முழுவதும் அல்ல. அது ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் நடக்கிற, வடிவம் ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்னப் பரீட்சை. அந்த வடிவத்துக்குப் படித்தால் பத்தாம் வகுப்போடு நின்றவரும் சித்தியடையலாம். அதைப் பார்க்காமல் படித்தால் பட்டதாரியும் தடுமாறுவார்.

1. உங்களுக்கு ஏ1 உண்மையில் வேண்டுமா என்று பாருங்கள்

வகுப்புக்குக் காசு கட்டமுன் செய்ய வேண்டிய வேலை இது. கணவரோ மனைவியோ ஜேர்மன் பிரஜை, அல்லது அங்கே சாதாரண வதிவிட அனுமதியில் இருக்கிறார் என்றால், பொதுவாக ஏ1 வேண்டும். 2007 ஓகஸ்ட்டிலிருந்து இதுதான் சட்டம். ஆனால் விலக்குகள் இருக்கின்றன. உங்கள் துணை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டையில், அதாவது உயர்கல்வி படித்த வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற வேலை அனுமதியில், வேலை செய்கிறார் என்றால் வேண்டாம். தகைமை பெற்ற தொழிலாளர் அல்லது பட்டதாரித் தொழிலாளர் என்ற அனுமதியில் இருப்பவரின் துணைக்கும் வேண்டாம். துணை பிரெஞ்சு அல்லது இத்தாலியப் பிரஜை, ஆனால் ஜேர்மனியில் குடியிருக்கிறார் என்றாலும் வேண்டாம். எங்கள் ஆட்களில் இந்தக் கடைசி வகை குறைவில்லை. உடல் அல்லது மனநோயால் படிக்கவே முடியாதவருக்கும் விலக்கு உண்டு, மருத்துவச் சான்று காட்ட வேண்டும்.

துணையிடம் அவருடைய வதிவிட அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் அனுமதி என்று இலக்கத்தோடு இருக்கும். அதை வைத்துத் தூதரகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது ஈமெயிலில் கேளுங்கள். "இவருக்கு சிற்றிசன் இல்லை, பி.ஆர். தானாம்" என்று மாமியார் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஒஸ்ரியாவுக்குப் போகிறவர்களுக்கும் ஏ1 வேண்டும். அங்கே விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

2. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

தமிழ் ஆட்கள் அதிகம் அடிபடுகிற இடம் இது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் கடவுச்சீட்டில் ஓரிடத்திலும் பிறப்புச் சான்றிதழில் இன்னோரிடத்திலும் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்போது ஒருவர் "எச்" சேர்ப்பார், இன்னொருவர் விடுவார். விவாகச் சான்றிதழில் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

ஏ1 சான்றிதழில் உங்கள் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றும் அச்சாகும். மூன்றும் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும், ஓர் எழுத்தும் மாறக்கூடாது. பிறந்த இடத்தில் கவனம் தேவை. பிறப்புச் சான்றிதழில் தெல்லிப்பழை என்றும் கடவுச்சீட்டில் யாழ்ப்பாணம் என்றும் இருப்பவர்கள் ஏராளம். பரீட்சைக்குப் பதியும்போது கடவுச்சீட்டைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். நினைவிலிருந்து அடிக்க வேண்டாம். உங்களுக்காகத் தம்பியோ ரியூசன் மாஸ்டரோ பதிந்து தருகிறார் என்றால் இன்னும் கவனம்.

கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரில் புதுக் கடவுச்சீட்டு எடுக்க நினைத்தால், அந்த முடிவைப் பரீட்சைக்குப் பதிய முன்னமே எடுங்கள். பழைய பெயரில் சான்றிதழும் புதுப் பெயரில் கடவுச்சீட்டும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட இன்னொரு கட்டுத் தாள் தேவைப்படும். என்னைக் கேட்டால், விசா கிடைத்துப் போய்ச் சேரும்வரை பெயரில் கையே வைக்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் கையில் இருக்க வேண்டியவை: செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பதிவுத் திருமணச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டிய படம் சான்றிதழ் ஆகாது, பதிவுதான் கணக்கு. மொழிபெயர்ப்பை இப்போது செய்விக்க வேண்டாம். தூதரகப் பட்டியலில் எந்த மொழியில், யாரிடம் என்று பார்த்துவிட்டுப் பிறகு செய்யலாம். ஆங்கிலத்துக்கு ஒருமுறை, டொச்சுக்கு இன்னொருமுறை என்று இரண்டு தரம் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

3. பரீட்சைத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லோரும் வகுப்பில் சேர்ந்து, பாடம் முடிந்ததும் பரீட்சைக்கு இடம் தேடுகிறார்கள். அப்போது இடம் இருக்காது. பிறகு அடுத்த திகதி வரும்வரை அறை வாடகை ஓடும், படித்ததும் மறக்கும்.

டொச் படிப்பித்து ஏ1 பரீட்சையும் நடத்துகிற ஜேர்மன் நிறுவனந்தான் கோதே இன்ஸ்டிடியூட். கொழும்பில் அது இருப்பது கொழும்பு 7, கிரெகரி வீதி 39ஆம் இலக்கத்தில். வீதிக்கு ஆர்.ஜி. சேனாநாயக்க மாவத்தை என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் ஓட்டோக்காரருக்குப் பழைய பெயர்தான் விளங்கும். பரீட்சைத் திகதிகளும் பதிவு திறக்கிற நாளும் அவர்களின் இணையத்தளத்தில் வரும். வகுப்பு தேடும் அதே கிழமையில் அந்தப் பக்கத்தையும் பார்க்கத் தொடங்குங்கள்.

எவ்வளவு காலம் படிக்க வேண்டும்? ஏ1க்கு 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவை என்பது கோதேயின் கணக்கு. மணித்தியாலமாக்கினால் 60 முதல் 150. வாரநாளில் மூன்று மணித்தியாலம் நடக்கிற வகுப்பென்றால் 4 முதல் 10 கிழமை. சனி ஞாயிறில் மட்டும் நாலு நாலு மணித்தியாலமென்றால் 8 முதல் 19 கிழமை. ஆங்கிலம் நன்றாக ஓடுகிறவர் கீழ்க் கணக்கை எடுக்கலாம். தமிழ் மூலம் படித்து, ஆங்கிலத்தோடு அதிகம் பழகாதவர் மேல்க் கணக்கையே எடுங்கள். அதற்கு மேல் இரண்டு கிழமை பரீட்சைப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

சித்திரைப் புத்தாண்டு, வெசாக், டிசம்பர் கடைசி ஆகிய மூன்று காலத்திலும் வகுப்புகள் நிற்கும், ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரப் பிந்துவார்கள். கணக்கில் அந்தக் கிழமைகளை வெட்டிவிடுங்கள்.

மற்றப் பக்கத்தையும் யோசியுங்கள். ஜேர்மன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கவுண்டரில் இருப்பவர் உங்களோடு நேரடியாக டொச்சில் இரண்டு வார்த்தை கதைத்துப் பார்க்கலாம். விவாகப் பதிவே இன்னும் நடக்காத நிலையில் ஏ1 எடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்து, படித்ததை அதற்குள் மறந்துவிடுவது அதனால்தான் நல்லதல்ல.

4. வகுப்பைத் தெரிவு செய்யுங்கள்

கோதேயிலேயே படிக்கலாம், அல்லது வெளியே படித்துவிட்டு அங்கே பரீட்சை மட்டும் எழுதலாம். கோதேயில் படித்தால் முதல் நாளிலிருந்தே பாடம் பெரும்பாலும் டொச்சில்தான் போகும். பயமாக இருக்கும், ஆனால் காது சீக்கிரம் திறக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழில் விளங்கப்படுத்துகிற வகுப்புகளும் இருக்கின்றன. பல வெளி வகுப்புகளில் விளக்கம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். "தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கினம்" என்று சொன்னால் அது தமிழில் படிப்பிக்கிறார்கள் என்று அர்த்தமல்ல. எந்த மொழியில் விளக்கம் என்று நேராகக் கேளுங்கள்.

நான் முதலில் போன இடத்தில் ஒரு அறைக்குள் முப்பது பேருக்கு மேல். பலகையில் எழுதுவார்கள், நாங்கள் கொப்பியில் எழுதுவோம். ஒரு மாதத்தில் நான் வாய் திறந்து டொச் கதைத்தது மொத்தமாக ஐந்து நிமிடம் இருக்குமோ தெரியாது. பரீட்சையில் நான்கில் ஒரு பங்கு பேச்சு.

ஆகவே சேர முன் ஒரு பாடம் சும்மா இருந்து பார்க்கக் கேளுங்கள். இருக்கும்போது ஒரேயொரு விஷயத்தைப் பாருங்கள்: ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை தரம் வாய் திறக்கிறது? அடுத்து, மாதிரிப் பரீட்சையை மணிக்கூடு வைத்து நடத்துவார்களா, எத்தனை தரம் என்று கேளுங்கள். "அதெல்லாம் கடைசியிலே பார்ப்பம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று, ரியூசன் நிலையம் தானே கொடுக்கிற "ஏ1 சான்றிதழ்". சுவரில் மாட்ட அழகாக இருக்கும், விசாவுக்கு உதவாது. கோதே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட பரீட்சைச் சான்றிதழைத்தான் ஏற்பார்கள். மற்றது, "பாஸ் நிச்சயம், நாங்கள் உள்ளே ஆள் வைத்திருக்கிறம்" என்கிறவர்கள். கோதே சான்றிதழ் உண்மையா என்று அதிகாரிகள் சரிபார்க்க வழி இருக்கிறது. ஆள்மாறாட்டம் பிடிபட்டால் ஒரு வருடத்துக்கு உலகத்தில் எந்தக் கோதே நிலையத்திலும் எழுத முடியாது. விசாக் கோப்பில் விழுகிற கறை அதைவிட நீளம்.

5. காசுக் கணக்கு

கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாய்த் தொகையை எழுதுவதை விட, காசு எந்த எந்த வழியால் போகும் என்று சொல்வதே பயன். வகுப்புக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் வேறு வேறு. "முழுக் கோர்ஸும் சேர்த்து" என்று சொன்னால் பரீட்சையும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். பரீட்சைக் கட்டணம் கோதேயில் படித்தவருக்கும் வெளியிலிருந்து வருபவருக்கும் வேறுபடலாம், உங்களுக்கு எது என்று பார்த்துக் கட்டுங்கள். பாடப் புத்தகம், பயிற்சிப் புத்தகம் இரண்டுக்கும் தனிக் காசு. பழைய மாணவரிடம் வாங்கினால் பென்சிலால் எழுதிய விடைகளை அழித்துவிட்டுப் பாவிக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரியது அறையும் சாப்பாடும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு உண்மையான செலவு அதுதான். அதனால் நான் சொல்வது: எழுத்துகள், எண்கள், முதல் 200 சொற்கள் வரையான பகுதியை ஊரில் இருந்தே இணையத்தில் படித்து முடித்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் கொழும்புக்கு வாருங்கள். ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்சே வெல்லே இலவசமாகவே ஏ1க்குக் காணொளிப் பாடம் வைத்திருக்கிறது. கோதேயின் மாதிரி வினாத்தாள்கள் ஒலிப்பதிவோடு இலவசமாக இறக்கலாம். இவ்வளவுக்கும் ஒரு டேட்டா பக்கேஜ் காணும்.

இரண்டாம் முறை எழுதவும் காசு ஒதுக்குங்கள். எத்தனை தரமும் எழுதலாம், ஆனால் ஏ1இல் ஒவ்வொரு முறையும் நான்கு பகுதியையும் முழுதாக எழுத வேண்டும், தவறிய பகுதியை மட்டும் எழுத முடியாது.

விசாக் கட்டணம் பிறகு வரும்: வளர்ந்தவருக்கு 75 யூரோ, அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாக.

6. புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படியுங்கள்

கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 25 வீதம். மொத்தம் நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. தனித்தனிப் பகுதியில் இவ்வளவு எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் நான்கிலும் இருந்தாக வேண்டும். அதாவது கேட்டலில் பலவீனமானவர் எழுத்திலும் பேச்சிலும் ஈடுகட்டலாம்.

சொல்: கோதேயின் ஏ1 சொற்பட்டியலில் ஏறக்குறைய 650 சொற்கள். ஒரு நாளைக்குப் பத்து என்றால் 65 நாள். பெயர்ச்சொல்லைத் தனியாகப் பாடமாக்க வேண்டாம். சொல்லின் பாலைக் காட்ட அதற்கு முன்னால் வருகிற டெர், டி, டாஸ் என்ற மூன்றில் எது வருமோ அதோடு சேர்த்தே பாடமாக்குங்கள். மேசை ஏன் ஆண்பால் என்று கேட்டால் பதில் இல்லை, கேட்கவும் வேண்டாம். நான் மூன்று நிறப் பேனை வைத்திருந்தேன்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் பாடமாக்குவதை முதல் கிழமையோடு நிறுத்துங்கள். எங்கள் எழுத்தில் "ப" ஒன்றுதான், "க" ஒன்றுதான். டொச்சில் அந்த இடத்தில் இரண்டு வேறு ஒலிகள், மாறினால் சொல்லே மாறிவிடும். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பதையும் அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சரியான ஒலிக்கு ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

கேட்டல் பகுதியில் 15 கேள்வி, 20 நிமிடம். உரையாடல்களும் தொலைபேசிச் செய்திகளும் இரண்டு தரம் கேட்கும். நடுவில் வருகிற அறிவித்தல்கள், அதுதான் ரயில் நிலையத்திலும் கடையிலும் சொல்வது போன்றவை, ஒரு தரந்தான். ஆட்களை விழுத்துவது எண்கள். 57ஐ "ஏழும் ஐம்பதும்" என்ற ஒழுங்கில் சொல்வார்கள். காதில் முதல் விழுவது ஏழு, கை முதலில் ஏழை எழுதிவிடும், பிறகு 75 ஆகிவிடும். இரண்டாவது இலக்கம் காதில் விழும்வரை பேனையைத் தூக்கிப் பிடியுங்கள். நேரம் இன்னும் மோசம்: "ஹல்ப் ட்ரை" என்றால் மூன்றரை அல்ல, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற கணக்கு. தினமும் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளில் இருக்கிற தொலைபேசி இலக்கங்களை இரண்டிரண்டாக டொச்சில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், காலி வீதி முழுக்க இலவசப் பயிற்சி.

எழுத்தில் இரண்டு வேலை. முதலாவது ஒரு படிவத்தில் ஐந்து இடத்தை நிரப்புவது. அது உங்கள் விபரம் அல்ல, கேள்வியில் இருக்கிற ஆளின் விபரம். பதட்டத்தில் தன் பெயரை எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டாவது ஏறக்குறைய 30 சொல்லில் ஒரு சின்னக் கடிதம். மூன்று குறிப்பு தருவார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று புள்ளி, விளிப்பும் முடிப்பும் சேர்ந்த அமைப்புக்கு ஒன்று. ஆகவே மூன்று குறிப்புக்கும் ஆளுக்கொரு நேரான வசனம் எழுதினாலே வேலை முடிந்தது. அழகாக எழுதப் போய் ஒரு குறிப்பை விட்டால் மூன்று புள்ளி போய்விடும். தெரிந்தவருக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு விளிப்பு, அலுவலகத்துக்கு இன்னொன்று. இரண்டையும் அவற்றுக்குரிய முடிப்போடு பாடமாக்கிவிடுங்கள்.

தமிழ் படித்தவர்களுக்குச் சில இடங்கள் இலகு, அதைப் பயன்படுத்துங்கள். "நான் தேத்தண்ணி குடிக்க விரும்புகிறேன்" என்பதை டொச்சில் சொல்லும்போது "குடிக்க" கடைசிக்குப் போகும். ஆங்கிலத்தை மனதில் வைத்து மொழிபெயர்த்தால் நடுவில் போட்டுவிடுவீர்கள். நீ, நீங்கள் வித்தியாசமும் எங்களைப் போலத்தான் இருக்கிறது. பரீட்சகரிடம் "நீங்கள்" வடிவம் மட்டும்.

7. கதைக்க ஆள் பிடியுங்கள்

இதற்குத்தான் நான் கூட இடம் கொடுப்பேன், ஏனென்றால் வகுப்பு இதைத் தராது.

பேச்சுப் பரீட்சை தனியாக அல்ல, கூடியது நான்கு பேர் கொண்ட குழுவாக, 15 நிமிடம். முதலில் தன்னை அறிமுகப்படுத்துதல். பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. பிறகு ஒரு அட்டையில் இருக்கிற சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு படத்தைப் பார்த்து ஏதாவது தரும்படி அல்லது செய்யும்படி கேட்க வேண்டும். மொத்தப் பதினைந்து புள்ளியில் (இதைத்தான் பிறகு 25 வீதமாக மாற்றுவார்கள்) அறிமுகத்துக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் ஆறு ஆறு. ஆனால் எல்லோரும் அந்த அறிமுகத்தைத்தான் தேவாரம் மாதிரிப் பாடமாக்குகிறார்கள்.

ஆகவே நாலு பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு போடுங்கள். நாலு பேரும் தமிழாக இருக்க வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் கதை விசாவுக்கும் மாமியாருக்கும் போய்விடும். எங்கள் குழுவில் நானும் மட்டக்களப்புப் பிள்ளை ஒருவரும் தமிழ், நீர்கொழும்பிலிருந்து ஒருவர் வீட்டில் சிங்களம், இன்னொருவர் கண்டியிலிருந்து தாதி வேலைக்குப் போக டொச் படித்தவர். எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்க மட்டுந்தான் காணும், அவர்களுக்குத் தமிழ் அதுவும் இல்லை, ஆங்கிலம் எல்லோருக்கும் அரைகுறை. அதனால் கதைப்பதற்கு மிஞ்சியது டொச் மட்டும். தட்டுத் தடுமாறி என்றாலும் வேறு வழியில்லாமல் கதைத்தோம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கோல். வீட்டில் ஒருவர் துண்டுகளில் "சாப்பாடு", "ஞாயிறு", "விலை", "பஸ்" என்று எழுதிக் கலக்கி எடுப்பார். எடுத்த சொல்லில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். பிழையை இடையில் திருத்தக் கூடாது, முடிந்தபிறகுதான். பகலில் குரல் பதிவு அனுப்பலாம். வகுப்பில் ஆள் கிடைக்காவிட்டால் இணையத்தில் டொச் படிக்கிறவர்களின் குழுக்களில் தேடலாம், கோதேயும் இலவசமான ஒரு கூட்டுப் படிப்புத் தளம் நடத்துகிறது. தெரியாத ஆட்களோடு சேரும்போது பெண் பிள்ளைகள் சொந்த இலக்கத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். கடவுச்சீட்டுப் படத்தையும் சான்றிதழ்ப் படத்தையும் எந்தக் குழுவிலும் போட வேண்டாம்.

கணவரிடம் படிக்கலாமா என்று கேட்பீர்கள். சமையலறையிலும் களஞ்சியத்திலும் இருபது வருடம் வேலை செய்து பழகிய டொச் ஓடும், ஆனால் பரீட்சைக்கு வேண்டிய டொச் வேறு. அதோடு இரண்டு நாளில் சண்டை வரும். எண்கள் சொல்லிக் கேட்க மட்டும் அவரைப் பிடியுங்கள்.

அறிமுகத்தில் ஒரு பொறி இருக்கிறது: பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள், ஓர் எண்ணும் கேட்பார்கள், பெரும்பாலும் தொலைபேசி இலக்கம். ஆங்கிலப் பழக்கத்தில் சொன்னால் பிழைத்துவிடும். விஜயகலா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். "வி" எழுத்து "ஃபௌ", "ஐ" எழுத்து "ஈ", "ஜே" எழுத்து "யொட்", "வை" எழுத்து "இப்ஸிலோன்", "கே" எழுத்து "கா", "ஏ" எழுத்து "ஆ". நீங்கள் "ஏ" என்று சொன்னால் பரீட்சகர் ஆங்கில "ஈ" எழுத்தை எழுதுவார். உங்கள் முழுப் பெயரையும், துணையின் பெயரையும், இருக்கிற ஒழுங்கையின் பெயரையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகுங்கள். தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லலாம், சோடி சோடியாகச் சொல்லி மாட்டுப்பட வேண்டாம்.

8. பரீட்சை நாள்

கடவுச்சீட்டின் மூலப் பிரதி, பதிவு உறுதி ஈமெயிலின் அச்சுப் பிரதி, இரண்டு பேனை. போட்டோகொப்பியைக் காட்டி உள்ளே போக முடியாது. கைப்பேசியை வெளியே வாங்கி வைப்பார்கள், அல்லது நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். கைக்குள் ஒளித்தால் பரீட்சையே போகும்.

வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டிக் கொழும்பு 7க்குப் போவது தூரமில்லை, ஆனால் காலை ஏழரையிலிருந்து பாடசாலை வாகனங்கள் வீதியை அடைத்துவிடும். பிக்மி என்ற கைப்பேசிச் செயலியில் கூப்பிடுகிற ஓட்டோ அந்த நேரத்தில் கிடைக்கப் பிந்தும். முதல் நாள் இரவே தெரிந்த ஓட்டோக்காரரிடம் சொல்லி வையுங்கள். ஒருமுறை முன்கூட்டியே போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவதும் நல்லது.

விடைகளை வினாத்தாளில் குறித்தாலும், தனி விடைத்தாளுக்கு மாற்றியதைத்தான் திருத்துவார்கள். மாற்றுவதற்கென்று மேலதிக நேரம் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். பேச்சில் பக்கத்தில் இருப்பவர் கேட்டது விளங்கவில்லை என்றால் "திரும்பச் சொல்லுங்கள்" என்று டொச்சில் கேட்கலாம், அது பிழையல்ல. பேசாமல் இருப்பதுதான் பிழை.

9. முடிவு வந்த பிறகு

சான்றிதழ் கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பெயர், திகதி, பிறந்த இடம் மூன்றையும் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பிறகு லமினேற் பண்ண வேண்டாம். எங்கள் ஆட்கள் எந்தச் சான்றிதழைக் கண்டாலும் உடனே லமினேற் பண்ண ஓடுவார்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் போதும். தெளிவாக ஸ்கான் பண்ணி ஈமெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், துணைக்கும் ஒரு பிரதி. தொலைந்தால் பத்து வருடத்துக்குள் கட்டணம் கட்டி மாற்று உறுதிப்படுத்தல் எடுக்கலாம்.

ஜேர்மன் தூதரகம் கொழும்பு 3, அல்பிரட் ஹவுஸ் அவெனியூவில். விசாவுக்கு நேரம் ஒதுக்கும் பட்டியல் நீளமாக இருக்கும். பரீட்சை முடிவுக்குக் காத்திராமல் முன்பே அந்த வரிசையில் உங்கள் பெயரைப் போடலாமா என்று தூதரக இணையத்தளத்தில் பாருங்கள். விண்ணப்பம் கொடுத்த பிறகு கோப்பு துணை வசிக்கிற நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே மாதக் கணக்கில் எடுக்கும், இங்கே கேட்டு அவசரப்படுத்த முடியாது. துணை அந்த அலுவலகத்தில் தானே போய்க் கேட்டால் சில நேரம் நகரும்.

அந்த மாதங்களில் வட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம். கவுண்டரில் வைத்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், போய் இறங்கியதும் வகுப்பு, ஏ1க்கு இரண்டு படி மேலான பி1 வரை நீளும். வெள்ளவத்தை அறையை மட்டும் உடனே விட்டுவிடுங்கள்.